துப்பாக்கி வாங்கித் தந்த தாத்தா கண்ணாடி வாங்கவில்லை

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசித் திருவிழாவுக்குப் பேரன் வந்திருந்தான். பத்ரகாளியம்மன் கோயில் தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, திருவிழாக் கடையில் அவன் கை நீட்டிய துப்பாக்கியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் நிற பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடுவது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டு. கடைக்காரர் நூற்றைம்பது சொன்னார், நூற்றிருபதுக்குப் பேசி முடித்தேன். முப்பது ரூபாய் குறைத்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து என் பழைய மாணவன் ஒருவன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். வயது ஐம்பதைத் தொடப்போகிறது, ஆனாலும் எனக்கு "அவன்"தான். திண்ணையில் உட்கார்ந்து தட்டில் பழம் வெற்றிலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, பேரன் கதவுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியை நீட்டி "டிஷ்யூம்" என்றான். துப்பாக்கியில் குண்டு இல்லை. ஆனால் வந்தவன் சட்டென்று உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டான். முகத்தை மூடவில்லை, தலையைத் திருப்பவில்லை. வலது கண்ணை மட்டும் மூடினான். அப்புறம் அவனே சிரித்துவிட்டு, "வா சாமி, இப்டி உக்காரு" என்று பேரனைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டான்.

அவனுக்குப் பார்வை அந்த ஒரு கண்ணில்தான். இடது கண் 1989-ல் போய்விட்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் வேண்டாங் சார், மத்தது எழுதுங்க" என்றான்.

அந்தக் காலத்து மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் மகாபாரதம். யாருக்கும் ஹிந்தி புரியாது, ஆனால் டி.வி. இருக்கிற வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எல்லாப் பையன்களும் அர்ஜுனனாக வருவார்கள். மூங்கில் பிளாச்சும் சணல் கயிறும் சேர்ந்தால் வில். சீமாறு குச்சி அம்பு. கொஞ்சம் கெட்டிக்காரப் பையன்கள் குச்சி நுனியில் வெள்வேலான் முள்ளைக் கட்டி வைப்பார்கள், மரத்தில் குத்தி நிற்கும் என்று.

நான் மூன்று வில்லைப் பிடுங்கி மேசை டிராயரில் வைத்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று பாடம் நிலையாற்றல். ஒரு வில்லை எடுத்து வளைத்துக் காட்டி, "நாண் இழுக்கும்போது நீ கொடுத்த ஆற்றல் வில்லுக்குள்ள இருக்கு, விட்டா அது அம்புக்குப் போகுது" என்று நடத்தினேன். நல்ல பாடம். பையன்கள் கண் கொட்டாமல் கேட்டார்கள். சாயங்காலம் மணி அடித்ததும், "வீட்டுக்குக் கொண்டு போங்க, இனிமே எடுத்துட்டு வரக்கூடாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போகிற வழியிலேயே, ஏரிக்கரை ஓரம், என் வகுப்புப் பையன் விட்ட அம்பு என் வகுப்புப் பையன் கண்ணில் குத்தியது.

அம்பு விட்டவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவனும் இந்தப் பதிவைப் படிப்பான். இருவரும் இன்றைக்கும் நண்பர்கள்தான்.

ஒரு கண் போனால் என்ன ஆகும் என்று நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. பட்டோடி 1961-ல் கார் விபத்தில் ஒரு கண் பார்வை இழந்து, மறு வருடமே 21 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆகவில்லையா என்று சொல்லித் தேற்றுவோம். நானும் அப்படித்தான் அந்தப் பையனைத் தேற்றினேன். அவன் அப்பா லாரி டிரைவர். சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரிகளில் பம்பாய், கல்கத்தா என்று போனவர். மகனுக்கும் அதே ஆசை. ஒரு கண்ணோடு ஹெவி லைசென்ஸ் கிடையாது. போலீசுக்கும் ராணுவத்துக்கும் மருத்துவச் சோதனையைத் தாண்ட முடியாது. விபத்து நடந்து பல மாதம் வரை சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினால் வெளியே ஊற்றுவான். தூரத்தைக் கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும். சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் தொட்டுவிட்டு ஊற்றப் பழகிக்கொண்டான். அன்றைக்கும் என் வீட்டில் அப்படித்தான் ஊற்றினான். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன பழக்கம், அவனுக்குத் தெரிந்திருக்காது, நான் பார்த்தேன்.

அவன் போன பிறகு பேரன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கொடிக்கயிற்றில் ஒரு ஒற்றைச் செய்தித்தாளைக் கிளிப் போட்டு மாட்டி, மூன்று தப்படி தள்ளி நின்று சுட்டேன். தாளில் ஓட்டை.

இனிக் கொஞ்சம் அறிவியல். ஓய்வு பெற்ற வாத்தியாரை வேறு யார் கேட்கப் போகிறார்கள்!

கண் குழியைச் சுற்றி எலும்பு வளையம் இருக்கிறது. புருவ எலும்பு, மூக்கெலும்பு, கன்ன எலும்பு. கிரிக்கெட் பந்து சுமார் 72 மில்லிமீட்டர் விட்டம். அது முகத்தில் பட்டால் பெரும்பாலான அடியை அந்த எலும்பு வாங்கிக்கொள்ளும். எலும்பு உடையலாம், ஆனாலும் கண்ணுக்குக் கொஞ்சம் தடுப்பு இருக்கிறது. கண் உருண்டை சுமார் 24 மில்லிமீட்டர். பெயிண்ட்பால் குண்டு 17 மில்லிமீட்டர். திருவிழா துப்பாக்கிக் குண்டு 6 மில்லிமீட்டர். இரண்டுமே எலும்பில் படாமல் நேராகக் கண்ணுக்குள் போகிற அளவு. "சின்னக் குண்டுதானே" என்கிறோம். கண்ணுக்குச் சின்னக் குண்டுதான் ஆபத்து.

அடுத்து வேகம். மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம் என்று தமிழையா சொல்லிக் கொடுத்திருப்பார். இமை மூட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். ஏர்சாஃப்ட் என்று பெரியவர்கள் விளையாடும் துப்பாக்கியில் 0.2 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் வரை போகும். ஐந்து மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு இருபதில் ஒரு பங்கு நொடி போதும். இமை மூடுவதற்குள் குண்டு வந்து சேர்ந்துவிடும். மூடியிருந்தாலும் இமை என்ன, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத தோல்.

பெயிண்ட்பால் குண்டின் எடை சுமார் 3 கிராம். மைதானங்களில் வைத்திருக்கும் உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி, அதாவது சுமார் 90 மீட்டர். பத்தாம் வகுப்பு சூத்திரம் போட்டுப் பாருங்கள். 12 ஜூல் வரும். ஒன்றேகால் கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருகிற ஆற்றல். அது கண்ணில் பட்டால் உள்ளே ரத்தம் கட்டலாம், லென்ஸ் நழுவலாம், விழித்திரை கிழியலாம். அப்போது சரியாகிவிட்டது என்று நினைத்தவர்களுக்குப் பல வருடம் கழித்துக் கண் அழுத்தம் கூடிப் பார்வை மங்குவதும் உண்டு.

இந்தப் பெயிண்ட்பால் பேச்சை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. என் அக்கா பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கம்பெனியில் எல்லோரையும் வெளியே கூட்டிப் போய் விளையாடி, போட்டோ போட்டிருந்தான். ஆறு பேர், கையில் துப்பாக்கி, முகமூடி நெற்றியில். நம் ஊரில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிற மாதிரி. ஒருத்தன் துப்பாக்கி முனை பக்கத்திலிருப்பவள் தாடையைப் பார்த்து இருக்கிறது. நானும் முதலில் லைக் போட்டேன். அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். மாப்பிள்ளை, உன்னைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீ போட்டோவை எடுக்கவும் வேண்டாம், இருக்கட்டும். ஆனால் கண் மருத்துவர்கள் இந்த விளையாட்டைப் பற்றி எழுதியிருப்பதைத் தேடிப் படித்துப் பார். கண் போனவர்களில் பெரும்பாலோர் முகமூடி இல்லாதவர்கள், அல்லது அந்த நேரத்தில் கழற்றியவர்கள். முகமூடி பனி பிடித்துவிட்டது என்று துடைக்கத் தூக்கியவர்கள், ஆட்டம் முடிந்தது என்று நினைத்தவர்கள், போட்டோவுக்கு நின்றவர்கள்.

இந்த விளையாட்டு எப்படி வந்தது தெரியுமா? நம் மேச்சேரிச் சந்தையில் ஆட்டின் முதுகில் அடையாளத்துக்குச் சாயம் பூசுவார்கள் அல்லவா. அமெரிக்காவில் அதே வேலைக்கு, மரத்துக்கும் மாட்டுக்கும் தூர நின்று பெயிண்ட் அடையாளம் போட ஒரு துப்பாக்கி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு 1981 ஜூன் 27-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் காட்டில் பன்னிரண்டு பேர் முதல் ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் ரிச்சி வைட் என்கிற வனத்துறைத் தொழில்காரர். ஒரு குண்டுகூடச் சுடாமல் மறைந்து மறைந்து போய் கொடிகளை எடுத்து ஜெயித்தார் என்பது தனிக் கதை. நான் சொல்ல வந்தது வேறு. பட்டறையில் வேலை செய்கிறவர்கள் போடும் கண்ணாடியை அன்றைக்கே போட்டுக்கொண்டுதான் ஆடினார்கள். விளையாட்டு பிறந்த நாளிலேயே கண்ணாடியும் பிறந்துவிட்டது. நம் ஊருக்குத் துப்பாக்கி மட்டும் வந்து சேர்ந்தது.

என்ன கண்ணாடி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூலிங் கிளாஸ் உதவாது. நான் போட்டிருக்கிற படிக்கும் கண்ணாடியும் உதவாது. உடைந்தால் அதன் சில்லே கண்ணுக்குள் போகும். பக்கவாட்டிலும் திறந்து கிடக்கிறது. பாலிகார்பனேட் என்ற பொருளில் செய்த லென்ஸ் வேண்டும். சிறுவர் துப்பாக்கிக்கு, கிரைண்டிங் வேலைக்காரர்கள் போடும் பாலிகார்பனேட் கண்ணாடி, கன்னத்தோடும் புருவத்தோடும் படிந்து உட்காருகிற மாதிரி வாங்கினால் போதும். இசட் 87 என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால், கால் அங்குல எஃகு குண்டை நொடிக்கு சுமார் 45 மீட்டர் வேகத்தில் அடித்துச் சோதித்தது என்று அர்த்தம். ஹார்டுவேர் கடையில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. நான் துப்பாக்கிக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். அதுதான் நம் வீட்டில் தகராறே!

பெயிண்ட்பாலுக்கு அந்தக் கண்ணாடி போதாது. கண், மூக்கு, வாய், காது எல்லாம் மூடுகிற முழு முகமூடி வேண்டும். அதற்கென்றே ஏஎஸ்டிஎம் எஃப் 1776 என்று தனித் தரம் இருக்கிறது. முகமூடி தலையை ஆட்டினால் நகரக்கூடாது. லென்ஸில் கீறலோ விரிசலோ இருந்தால் வேறு கேளுங்கள். "இதுதாங் சார் இருக்கு" என்றால் விளையாடாமல் வந்துவிடுங்கள், கட்டின காசு போனால் போகட்டும். லென்ஸைத் தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைத்தால் பாலிகார்பனேட் வலுவிழந்துவிடும். பனி பிடித்தால் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டு, மைதானத்தை விட்டு வெளியே போய், எல்லாத் துப்பாக்கி வாயிலும் உறை மாட்டியிருக்கிற இடத்தில்தான் கழற்றவேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் வலைக்குப் பின்னால். கம்பி வலைக் கண்ணாடி என்று ஒன்று விற்கிறார்கள், பனி பிடிக்காது என்று. முழுக் குண்டை நிறுத்தும், உடைந்த துணுக்கை நிறுத்தாது. பெயிண்ட்பாலுக்கு அது ஆகவே ஆகாது.

"ரொம்ப நாளா விளையாடுறோம், எங்களுக்குத் தெரியும்" என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். மார்க் பவுச்சர். 147 டெஸ்ட் ஆடிய தென்னாப்பிரிக்க விக்கெட் கீப்பர். 2012 ஜூலையில் இங்கிலாந்தில் ஒரு பயிற்சி ஆட்டம், சுழற்பந்து, ஹெல்மெட் போடாமல் நின்றார். பந்து ஸ்டம்பில் பட்டு, மேலே இருக்கும் அந்தச் சின்ன மரத்துண்டு எகிறி இடது கண்ணில் அடித்தது. அத்தோடு சர்வதேச ஆட்டம் முடிந்தது. அவரைவிட அனுபவசாலி நம்மில் யார்?

எனக்குத் தெரிந்த ஆசிரியர் சிலர், துப்பாக்கி பொம்மையே குழந்தைக்கு ஆகாது, தடை செய்யவேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1989-ல் நான் டிராயரில் பூட்டி வைத்தால் மறுநாள் வேறு வில் வந்திருக்கும். பையன்கள் குறி பார்க்கத்தான் செய்வார்கள். உண்டிவில், கிட்டிப்புள், ரப்பர் பேண்டில் காகித அம்பு, எதை நிறுத்தினோம்? புதுக்கோட்டைக்காரர் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் போட்டியில் இந்தியாவுக்காக நின்றார். அந்த வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள், கண்ணாடி இல்லாமல் துப்பாக்கியைத் தூக்குவதில்லை. என் கட்சி அதுதான். கண்ணாடி போட்டால் துப்பாக்கி, கழற்றினால் துப்பாக்கி கீழே. சுடுகிறவனுக்கும், எதிரில் நிற்கிறவனுக்கும், பார்த்துக்கொண்டிருக்கும் தங்கச்சிக்கும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அதைக் கண்ணாடி போட்டும் தொடக்கூடாது. 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். குழாய்க்குள் கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்டு, வாயு சேர்ந்ததும் லைட்டரால் வெடிக்க வைக்கிற துப்பாக்கி. நூற்றைம்பது இருநூறு ரூபாய்க்கு விற்றார்கள். ரீல்ஸ் பார்த்துச் செய்தவர்களும் உண்டு. மூன்றே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் கண் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது என்று செய்தி. ஏன் வெடிக்கவில்லை என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்த பிள்ளைகள் நிறைய. அந்தக் கல் நமக்குப் புதிதா? மாம்பழ சீசனில் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிற கல்தான், வெல்டிங் பட்டறையில் கிடக்கிற கல்தான். சேலத்து மாம்பழக்காரர்களுக்குச் சொல்லவேண்டுமா! வெடியோடு சேர்ந்து சுண்ணாம்பும் கண்ணில் தெறிக்கிறது. வீட்டில் யாராவது பி.வி.சி. குழாயை வெட்டிக்கொண்டிருந்தால் எதற்கென்று கேளுங்கள்.

"நாங்கெல்லாம் உண்டிவில் அடிச்சுத்தான் சார் வளந்தோம், ஒண்ணும் ஆகலையே" என்று கமெண்டில் யாரோ எழுதத்தான் போகிறீர்கள். உன் பக்கத்து பெஞ்சில் இருந்தவனைக் கேட்டுவிட்டு எழுது.

கண்ணில் பட்டுவிட்டால் செய்யவேண்டியது. கசக்கக்கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், மஞ்சள் தண்ணீர் எதுவும் விடக்கூடாது. குத்தி நிற்பதைப் பிடுங்கக்கூடாது. 1989-ல் முள்ளைப் பிடுங்கியது நாங்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காகித டம்ளரின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணைத் தொடாமல், எலும்பின் மேல் உட்காரும்படி வைத்து டேப் ஒட்டி, அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். "தெரியுதே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பது வேண்டாம். சுண்ணாம்பு, கார்பைடு மாதிரி ரசாயனம் பட்டால் மட்டும் வேறு முறை. உடனே, அந்த இடத்திலேயே, நல்ல தண்ணீரால் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும், அப்புறம் ஆஸ்பத்திரி.

இன்னொன்று. 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நான் வாங்கிய துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விலைகூட அச்சடித்திருக்கவில்லை. முப்பது ரூபாய் பேரம் பேசிய நேரத்தில் இதைப் பார்த்திருக்கலாம்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் என் மாணவனுக்கு ஒரு வேண்டுகோள். நீ யார் என்று உனக்குத் தெரியும், எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். துப்பாக்கி தொங்குகிற அதே கொக்கியில் பாலிகார்பனேட் கண்ணாடியையும் மாட்டு. "யாரு சார் வாங்குவா" என்று போனில் கேட்டாய். முதல் பத்துக்கு நான் காசு கொடுத்துவிடுகிறேன், துப்பாக்கி வாங்குகிற பிள்ளைக்குச் சும்மா கொடு. பெரிய அளவிலும் இரண்டு எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை பேரனோடு வருகிறேன். ஒன்று எனக்கு, ஒன்று பத்திரிகை வைக்க வந்தவனுக்கு. என் வீட்டுத் திண்ணையில் அவன் இனிமேல் கையால் கண்ணைப் பொத்த வேண்டாம்.